நாலு பேர் சொன்னால்தானே தெரியும்

ஸ்ரீரங்கம்
ஞாயிறு மதியம்

அன்புள்ள வசந்தா,

உன் கடிதம் போன வியாழக்கிழமையே வந்துவிட்டது. அத்தைக்குக் கண் ஆபரேஷன் ஆன வாரம் என்பதால் உடனே உட்கார்ந்து எழுத முடியவில்லை. வேளாவேளைக்குச் சொட்டு மருந்து, தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொள்ளாமல் காவல் என்று நாள் ஓடிவிட்டது. இப்போது பார்வை நன்றாகத் தெளிந்துவிட்டது. வாசலில் உட்கார்ந்துகொண்டு எதிர்வீட்டுக் கோலத்தில் எத்தனை புள்ளி என்று எண்ணிச் சொல்கிறார். நாலு வருஷமாக அந்தக் கோலத்தை அவர் பார்க்கவே இல்லை என்பது எனக்கு இப்போதுதான் உறைக்கிறது.

சரி, உன் பெண் விஷயத்துக்கு வருகிறேன். நாடகத்தில் கூட நடித்த பிள்ளைகளே அவளைப் பற்றிப் பரிசுக் குழுவுக்கு எழுதப் போகிறார்கள் என்றும், "சிபாரிசில் வருகிற பேர் எனக்கு வேண்டாம்" என்று அவள் அழுதாள் என்றும் எழுதியிருந்தாய். அந்த ரோஷம் எனக்குப் பிடித்திருக்கிறது. இருந்தாலும் அவள் சொல்வது முழுக்கச் சரி என்று என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. நாலைந்து நாளாக இதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

2023 மார்ச் 13, திங்கட்கிழமைக் காலை உனக்கு ஞாபகம் இருக்கிறதா? முதுமலை யானைப் படத்துக்கு ஆஸ்கர் என்றதும் நீ போன் பண்ணிக் கத்தினாயே. யானைக் குட்டியை வளர்த்த பொம்மனையும் பெள்ளியையும் ஏதோ நம் வீட்டு மனிதர்கள் போலக் கொண்டாடினோம். அதே விழாவில் சிறந்த நடிகைக்கான ஐந்து பேரில் ஆண்ட்ரியா ரைஸ்பரோ என்று ஒரு இங்கிலாந்துக்காரி இருந்தார். அப்போது நாம் யாரும் அவரைக் கவனிக்கவில்லை. அவர் பெயர் அந்தப் பட்டியலுக்குள் வந்த கதையைச் சொல்லத்தான் இத்தனை நீளமாக எழுத உட்கார்ந்தேன்.

அவர் நடித்த படம் 'டு லெஸ்லி'. 19 நாளில் எடுத்து முடித்த சின்னப் படம். மேற்கு டெக்சாஸில் தனியாகப் பிள்ளை வளர்க்கும் ஒருத்திக்கு லாட்டரியில் 1,90,000 டாலர் விழுகிறது. எல்லாவற்றையும் குடித்துத் தீர்க்கிறாள், பெற்ற பிள்ளையையும் விட்டுப் போகிறாள், வருஷங்கள் கழித்து ஒன்றுமில்லாமல் திரும்பி வருகிறாள். 2022 அக்டோபரில் வெளியாகி, நாமினேஷன் அறிவிக்கும் வரை தியேட்டரில் வசூலானது சுமார் 27,000 டாலர். பெரிய ஸ்டூடியோக்கள் இந்த மாதிரிப் பரிசுக்காக மில்லியன் கணக்கில் விளம்பரத்துக்குக் கொட்டும் ஊர் அது. இந்தப் படத்துக்கு அப்படிச் செலவழிக்க ஆள் இல்லை.

என் அக்கா பையன் போட்டுக் காட்டித்தான் நான் பார்த்தேன். ஒரு காட்சி மட்டும் சொல்கிறேன். சாராயக்கடை மூடுகிற நேரம். லெஸ்லி தனியாக உட்கார்ந்திருக்கிறாள். பழைய பாட்டு ஒன்று ஓடுகிறது. கேமரா அவள் முகத்தை விட்டு நகரவில்லை. அந்தப் பெண் ஒன்றும் 'செய்யவில்லை' வசந்தா. அழவில்லை, பேசவில்லை. பாட்டு தன்னைத்தான் கேட்கிறது என்று அவளுக்குப் புரிகிற அந்தக் கணம் மட்டும் கண்ணில் வந்து போகிறது. முப்பது வருஷம் மேடை ஏறியவளாகச் சொல்கிறேன், அப்படிச் சும்மா இருப்பது எத்தனை கஷ்டம் என்று நடித்தவர்களுக்குத்தான் தெரியும். அதனால்தான் மற்ற நடிகர்கள் அப்படி உருகிப் போனார்கள் என்று நினைக்கிறேன்.

டைரக்டர் மைக்கேல் மோரிஸின் மனைவி மேரி மெக்கார்மக்கும் ஒரு நடிகை. அவர் தன் சிநேகிதர்களுக்கெல்லாம் மெயில் எழுதினார். படத்தைப் பாருங்கள், பிடித்திருந்தால் நாலு பேரிடம் சொல்லுங்கள், ஓட்டுப் பதிவு முடியும் வரை தினமும் ஏதாவது எழுதினால் நன்றாக இருக்கும் என்று கேட்டார். சார்லீஸ் தெரான் ஆட்களைக் கூட்டிப் படத்தைப் போட்டுக் காட்டினார். கேட் வின்ஸ்லெட் ஆன்லைன் உரையாடல் ஒன்றை முன்நின்று நடத்தினார். எட்வர்ட் நார்டன், க்வினெத் பேல்ட்ரோ எல்லாம் எழுதினார்கள். கேட் பிளான்செட் அதே பரிசுக்குப் போட்டியில் முன்னால் இருந்தவர். இன்னொரு விழாவில் தனக்குக் கிடைத்த பரிசை வாங்கிக்கொண்டு பேசும்போது ஆண்ட்ரியாவின் பெயரையும் சொன்னார். எதிரணி ஆள் மேடையில் நின்று உன் பேரைச் சொல்வதைவிட ஒரு நடிகைக்கு வேறென்ன வேண்டும்?

இத்தனையும் ஏன் பலித்தது என்றால், அங்கே ஓட்டு எண்ணுகிற முறை அப்படி. நடிகர்களுக்கான நாமினேஷனை, ஆஸ்கர் கொடுக்கும் அகாடமியின் நடிகர் பிரிவு உறுப்பினர்கள் மட்டும்தான் தீர்மானிக்கிறார்கள். அப்போது அந்தப் பிரிவில் 1,302 பேர். (2022இல் நம் சூர்யாவையும், 2025இல் கமலையும் அகாடமி உறுப்பினராக அழைத்ததே, அந்தக் கூட்டம்தான்.) ஆளுக்கு ஐந்து பெயர், பிடித்த வரிசையில் எழுத வேண்டும். போட்ட ஓட்டுகளை ஆறால் வகுத்து ஒன்று கூட்டினால் எத்தனையோ, அத்தனை ஓட்டு கிடைத்தவர் உள்ளே. 1,302 பேரும் ஓட்டுப் போட்டால் 218. நானே கரண்ட் பில் கவரின் பின்பக்கம் வகுத்துப் பார்த்துவிட்டேன். முதலில் எண்ணுவது முதலிடத்தில் எழுதிய பெயரை மட்டும். ஆக, ஆயிரம் பேர் பட்டியலில் ஐந்தாவதாக இருப்பதைவிட இருநூற்றுச் சொச்சம் பேர் நெஞ்சில் முதலாவதாக இருப்பதுதான் பலம். இதை ஃப்ரான்சஸ் ஃபிஷர் என்ற நடிகை தன் இன்ஸ்டாகிராமில் வெளிப்படையாகவே கணக்குப் போட்டு எழுதிவிட்டார்: 218 பேர் போதும், மற்ற நாலு பேர் எப்படியும் வந்துவிடுவார்கள், உங்கள் முதல் ஓட்டை இவருக்குப் போடுங்கள் என்ற பொருளில். அந்த நாலு பேர் என்று அவர் சொன்னதில் வயோலா டேவிஸ், டேனியல் டெட்வைலர் இரண்டு பேரும் இருந்தார்கள்.

ஜனவரி 24ஆம் தேதி பட்டியல் வந்தது. ஆண்ட்ரியா உள்ளே. வயோலாவும் டேனியலும் வெளியே.

இங்கேதான் எனக்கு மனசு கனத்துப் போகிறது. அந்த இருவரும் கறுப்பினப் பெண்கள். இரண்டு பேருக்கும் அமெரிக்க நடிகர் சங்கப் பரிசுக்கும் பிரிட்டிஷ் திரைப் பரிசுக்கும் நாமினேஷன் கிடைத்திருந்தது. 2002இல் ஹாலி பெர்ரிக்குச் சிறந்த நடிகை பரிசு கொடுத்தார்கள். அதற்குப் பிறகு 2023 வரை, இருபது வருஷத்துக்கு மேலாக, இன்னொரு கறுப்பினப் பெண்ணுக்கு அதைக் கொடுக்கவில்லை. டேனியல் நடித்த படத்தின் டைரக்டர் சினோன்யே சுக்வூ, கறுப்பினப் பெண்கள் மேல் இந்தத் துறைக்கு இருக்கும் வெறுப்பைப் பற்றிக் கொதித்து எழுதினார். அதில் எனக்கு முழு நியாயம் தெரிகிறது. ஆண்ட்ரியா அவர்களுடைய இடத்தைப் பறித்தார் என்று நான் சொல்ல மாட்டேன், அவர் நடிப்புக்கு அந்த இடம் தகும். ஆனால் வீட்டில் படம் போட்டுக் காட்ட ஒரு சிநேகிதி, பத்துப் பேருக்கு மெயில் தட்ட ஒரு சிநேகிதி, மேடையில் பேர் சொல்ல ஒரு சிநேகிதி என்று யார் யாருக்கு வாய்க்கிறது? பழகுகிறவர்கள் யாரோ, பாராட்டும் அவர்கள் வழியாகத்தானே நடந்து போகிறது. கண்ணில் படாத வீட்டுக்கு அது போகவே போகாது.

அகாடமி உடனே விசாரிப்பதாக அறிவித்தது. போட்டியாளர் பெயரைச் சொல்லி ஒப்பிடக் கூடாது என்பது அங்கே விதி. படத்தின் அதிகாரப்பூர்வப் பக்கத்திலேயே ஒரு விமர்சகர் கேட் பிளான்செட்டோடு ஒப்பிட்டு எழுதிய வரியைப் போட்டிருந்தார்கள். பல பேர் ஒரே வாசகத்தை, "பெரிய மனசுள்ள சின்னப் படம்" என்று அச்சடித்த மாதிரி எழுதியதும் கேள்வியானது. ஜனவரி 31ஆம் தேதி முடிவு வந்தது: சில முறைகள் கவலை தருகின்றன, ஆனாலும் நாமினேஷனை ரத்து செய்யும் அளவுக்கு இல்லை. 2014இல் ப்ரூஸ் ப்ராட்டன் என்ற இசையமைப்பாளருக்கு ரத்தே செய்திருக்கிறார்கள், தன் பாட்டைக் கவனியுங்கள் என்று இசைப் பிரிவு உறுப்பினர்களுக்கு மெயில் அனுப்பினார் என்பதற்காக. அவர் முன்பு அகாடமியின் நிர்வாகக் குழுவில் இருந்தவர் என்பதால் அந்த வேண்டுகோளுக்கு ஒரு கனம் வந்துவிடுகிறது, அது எனக்குப் புரிகிறது. 2023 மே மாதம் விதிகளை இறுக்கினார்கள். ஒருவரைப் புகழலாம், ஆனால் என் ஓட்டு யாருக்கு, நீ யாருக்குப் போடு என்று பொதுவில் பேசக் கூடாது. அந்த மார்ச் விழாவில் பரிசு மிஷெல் யோவுக்குத்தான் போயிருந்தது.

சக நடிகர்கள் இப்படிக் கிளம்புவது புதிதும் இல்லை. 1934ஆம் வருஷப் படத்துக்காக நடிகை பெட்டி டேவிஸின் பெயரைப் பட்டியலில் விட்டுவிட்டார்கள் என்று அப்போதே பெரிய கூச்சல் எழுந்து, பட்டியலில் இல்லாத பெயரையும் கையால் எழுதி ஓட்டுப் போடலாம் என்று அகாடமி இறங்கி வந்தது. அவர் ஜெயிக்கவில்லை. அடுத்த வருஷம் வேறு படத்துக்கு வாங்கினார். 1987இல் சாலி கர்க்லண்ட் என்பவர் கையில் காசில்லாத ஒரு சின்னப் படத்தில் நடித்துவிட்டு, ஓட்டுப் போடுகிறவர்களுக்குத் தானே கடிதம் எழுதி எழுதி நாமினேஷன் வாங்கினார். கடிதம் எழுதினார் என்பதற்காக அவர் நடிப்பு குறைந்து போய்விட்டதா என்ன?

இப்போது என் விஷயம். இதை உன்னிடம்கூட இதுவரை சொன்னதில்லை.

ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாடகப் பரிசுக்குப் பெயர் பரிந்துரைக்கச் சொல்லி எனக்கு ஒரு படிவம் வந்தது. நடிகைக்கு ஐந்து வரி. சாயங்காலம் காபி குடித்துக்கொண்டே பத்து நிமிஷத்தில் நிரப்பிவிட்டேன். ஐந்து பேரும் நல்ல நடிகைகள்தான். ஐந்து பேரும் நான் பழகினவர்கள். அதற்கு முந்தின மாதம்தான் புதுக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமத்துத் திருவிழாவில் ஸ்பெஷல் நாடகம் பார்த்திருந்தேன். வள்ளி வேஷம் கட்டிய அம்மாவுக்கு ஐம்பது வயசு இருக்கும். ராத்திரி மூன்று மணிக்கு நாரதரோடு தர்க்கம். தொண்டை கட்டிப்போயிருந்தது. ஆர்மோனியக்காரர் அதைப் பார்த்துச் சுருதியைக் கொஞ்சம் இறக்கினார். அந்த அம்மா அவரைத் திரும்பிப் பார்த்து ஒரே ஒரு தலையசைப்பு, 'வேண்டாம், ஏற்று' என்று. ஏற்றினார். அந்தக் கட்டின குரலிலேயே மேலே போய்ப் பிடித்தார். முன்னால் மணலில் படுத்திருந்தவர்கள் எல்லாம் எழுந்து உட்கார்ந்தார்கள். நான் அழுதேன் வசந்தா.

அப்படி அழுதவள்தான் அந்தப் படிவத்தில் அவர் பெயரை எழுதவில்லை. வேண்டுமென்று விடவில்லை, ஞாபகத்துக்கே வரவில்லை. பெயர் கேட்டால் முகம் வருகிறது, முகம் என்றால் பழகின முகம்தான் வருகிறது. தபாலில் போட்டு இரண்டு நாள் கழித்துத்தான் நினைவு வந்தது. யாராவது ஒருத்தர், அந்த ஆர்மோனியக்காரராவது, எனக்கு ஒரு போஸ்ட் கார்டு போட்டிருந்தால் நான் மறந்திருக்க மாட்டேன். அந்த அம்மாவுக்குச் சொல்ல ஆள் இல்லை, எனக்கு நினைவுபடுத்த ஆள் இல்லை.

அகாடமி 2025இல் இன்னொரு விதி கொண்டுவந்தது. கடைசிச் சுற்றில் ஓட்டுப் போட வேண்டுமானால் அந்தப் பிரிவில் இருக்கும் எல்லாப் படங்களையும் பார்த்திருக்க வேண்டும் என்று. நல்லதுதான். ஆனால் அந்தச் சுற்றில் இருப்பவர்கள் ஏற்கெனவே ஐந்து பேருக்குள் வந்தவர்கள். ஒருவர் காணாமல் போவது அதற்கு முந்தின சுற்றில், என்னைப் போல யாராவது காபியோடு உட்கார்ந்து படிவம் நிரப்புகிற அந்தப் பத்து நிமிஷத்தில்.

அதனால் உன் பெண்ணிடம் சொல், அந்தப் பிள்ளைகள் எழுதட்டும். ஒத்திகையில் இரண்டு மாதம் கூட இருந்தவர்களுக்குத் தெரிந்தது குழுவுக்குத் தெரியாது. ஆனால் எல்லாரும் கூடிப் பேசி ஒரே வாசகத்தை எழுத வேண்டாம். ஆளாளுக்குக் கண்ணால் கண்ட ஒரு விஷயத்தை, எந்தக் காட்சி, எந்த இடம் என்று எழுதட்டும். மற்ற பெண்கள் பெயரை இழுத்து ஒப்பிடவே கூடாது. அவள் எழுதிக் கேட்டதாகவும் இருக்கக் கூடாது, அந்த ரோஷம் இருக்கட்டும். ஓய்வு கிடைத்தால் அவளும் உட்கார்ந்து ஒரு கடிதம் எழுதட்டும், தன் குழுவில் இல்லாத, தான் பார்த்து அசந்துபோன வேறு ஒருத்தியைப் பற்றி.

நான் எழுதிவிட்டேன். அந்த அம்மாவின் பெயரையும் ஊரையும் நோட்டீஸில் தேடிப் பிடித்து, இந்த வருஷப் படிவம் வருவதற்கு முன்னாலேயே, எனக்குத் தெரிந்த ஏழு பேருக்கு ஆளுக்கொரு கடிதம். கைவலி வந்துவிட்டது.

வைகாசியில் அந்த ஊரில் மறுபடியும் நாடகம். அவர்தான் வள்ளி என்று விசாரித்து வைத்திருக்கிறேன். நீயும் பெண்ணும் கோயம்புத்தூரில் மதியச் சாப்பாடு முடித்துப் பஸ் ஏறினால் விளக்கு வைக்கும் நேரத்துக்கு இங்கே வந்துவிடலாம். இட்லி ஊற்றி வைக்கிறேன், சாப்பிட்டுவிட்டுக் கிளம்புவோம். பபூன் வந்து போகவே நடுராத்திரி ஆகும், வள்ளி அதற்கு அப்புறம்தான். பாய் இரண்டு எடுத்துக்கொள்கிறேன். என் முட்டிக்கு மடக்கு நாற்காலி ஒன்றும் வேண்டும், அதை உன் பெண் தூக்கி வரட்டும்.

தேதி தெரிந்ததும் போன் பண்ணுகிறேன்.

உன்
சரசு