வயலின் பிள்ளையோடு வீட்டுக்குப் போகட்டும்: ஒரு நன்கொடை வேண்டுகோள்

எங்கள் கச்சேரிகளுக்கு வந்து கேட்டவர்களுக்கும், வகுப்புப் பிள்ளைகளின் பெற்றோருக்கும், பெரம்பூர், வியாசர்பாடி, புளியந்தோப்பு வட்டாரத்தில் எங்களை அறிந்த எல்லோருக்கும் வணக்கம்.

முதல்முறை எங்களைப் பற்றிக் கேள்விப்படுபவர்களுக்காக ஒரு சிறு அறிமுகம். ஆர்கெஸ்ட்ரா என்றால் நம் ஊரில் திருவிழாவுக்கு மேடை போட்டு சினிமாப் பாட்டுப் பாடும் குழுதான் நினைவுக்கு வரும். எங்களுடையது வேறு வகை. வயலின் 9, அதைவிடச் சற்றுப் பெரிய வயோலா 3, உட்கார்ந்து முழங்கால்களுக்கு நடுவில் வைத்து வாசிக்கும் செல்லோ 3, ஆளுயர டபுள் பாஸ் 1, ஆக 16 பேர் மேற்கத்திய சங்கீதம் வாசிக்கும் தந்தி வாத்தியக் குழு. சேம்பர் ஆர்கெஸ்ட்ரா என்பார்கள். முன்னால் நின்று கை காட்ட ஆள் கிடையாது. முதல் வயலின்காரர் மூச்சை இழுத்து வில்லைத் தூக்கினால் மற்ற 15 பேரும் அதைப் பார்த்துச் சேர்ந்து தொடங்குவார்கள். மைக் வைப்பதில்லை. பதிவு செய்த அறக்கட்டளையாக, லாபம் பார்க்காமல் நடத்துகிறோம். 16 பேரில் 7 பேருக்கு இசைதான் பிழைப்பு. மற்றவர்கள் ரயில்வே, வங்கி, ஐ.டி. என்று வேலை பார்த்துக்கொண்டு சாயங்காலம் ஒத்திகைக்கு வருபவர்கள்.

வருடத்துக்கு நான்கு கச்சேரி செய்கிறோம். ஆனால் இந்தக் கடிதம் கச்சேரிக்காக எழுதப்படவில்லை. சனிக்கிழமை மாலைகளிலும் புதன்கிழமை மாலைகளிலும் நாங்கள் நடத்தும் இலவச வகுப்புக்காக எழுதுகிறோம். 26 பிள்ளைகள் வருகிறார்கள். ஆட்டோ ஓட்டுநர்கள், வீட்டு வேலை செய்பவர்கள், தள்ளுவண்டிக்காரர்கள், மீன் விற்பவர்கள் இவர்களின் பிள்ளைகள். 20 பேர் வயலின், 3 பேர் வயோலா, 3 பேர் செல்லோ. அவர்களுக்கு எங்களிடம் இருப்பது 11 வயலினும் ஒரு செல்லோவும்தான். வயோலா ஒன்றுகூட இல்லை. வயோலா பிள்ளைகள் பெரியவர்களின் கருவியைச் சனிக்கிழமை மட்டும் கடன் வாங்கி வாசிக்கிறார்கள்.

ஒரு வயலினுக்கு இரண்டு பேர் என்றால் எப்படி நடக்கும்? ஒருவர் வாசிக்கும்போது மற்றவர் தாளைப் பார்த்து வாயால் ஸ்வரம் சொல்வார். அரைமணி கழித்து மாற்றிக்கொள்வார்கள். வகுப்பு முடிந்ததும் எல்லாம் அலமாரிக்குள் போய்விடும். புதன்கிழமை திரும்ப வரும்போது விரல் பழையபடி தடுமாறும். எந்த வாத்தியமும் வகுப்பில் வருவதில்லை, வீட்டில்தான் வருகிறது. சங்கீதம் கற்றுக்கொண்ட யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். தினமும் இருபது நிமிடம் தனியாக உட்கார்ந்து, தப்பாக வாசித்து, அது தப்பு என்று தன் காதுக்கே தெரிந்து, திரும்ப வாசிக்க வேண்டும். அதற்கு வாத்தியம் கூட இருக்க வேண்டும்.

கருவிகள் ஏன் குறைந்தன என்று சிலர் கேட்டார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்கள் பயிற்சிக் கூடத்துக்குள் முழங்கால் அளவு தண்ணீர் புகுந்தது. நான்கு நாள் கழித்துத்தான் கதவைத் திறக்க முடிந்தது. அலமாரியின் மேல் தட்டில் இருந்தவை தப்பின. கீழ் தட்டில் இருந்தவற்றின் பெட்டிகளைத் திறந்தால் வயலின் வயலினாக இல்லை. மேல் பலகை தனி, அடிப் பலகை தனி, கழுத்து தனி. வயலினின் பலகைகளை ஆணி போட்டு அடிப்பதில்லை, விலங்குத் தோலைக் காய்ச்சி எடுத்த பசையால் ஒட்டுவார்கள். பழுது பார்க்க வேண்டியபோது பிரிக்க வசதியாக இருக்கும் என்பதற்காகவே அந்தப் பசை. ஆனால் தண்ணீரில் ஊறினால் கரைந்துவிடும். மரமும் உப்பி முறுக்கிக்கொண்டது. இரண்டை மட்டும் மறுபடி ஒட்டிக் காப்பாற்றினோம்.

அந்த வாரம் பிள்ளைகளுக்கான ஒரே ஒரு முக்கால் சைஸ் வயலின் மட்டும் கூடத்தில் இல்லை. பள்ளி விழாவில் வாசிப்பதற்காக ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி கேட்டு வாங்கிப் போயிருந்தாள். குடியிருப்பு வாரியத்தின் இரண்டாவது மாடி வீடு. மேலே ஒழுகும் என்பதால் அவள் அப்பா ஃபேன் கொக்கிக்குப் பக்கத்தில் இன்னொரு கொக்கி அடித்து, பெட்டியை பிளாஸ்டிக் சாக்கில் சுற்றித் தொங்கவிட்டிருந்தார். கீழே தெருவில் படகு போய்க்கொண்டிருந்தபோது மாடியில் அவள் தினமும் வாசித்திருக்கிறாள். கரன்ட் இல்லை, பள்ளிக்கூடம் இல்லை, வேறு என்ன செய்வது என்று சொன்னாள். வகுப்பு திரும்பத் தொடங்கிய அன்று அவள் வாசித்ததைக் கேட்டு எங்கள் மூத்த ஆசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். ஒரு வருடத்தில் வராத வில் பிடிப்பு இரண்டு வாரத்தில் வந்திருந்தது.

எல்லாப் பிள்ளைகளும் கருவியை வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும் என்று எங்கள் குழுவும் பெற்றோரும் ஆசிரியர்களும் சேர்ந்து உட்கார்ந்து முடிவெடுத்தது அதற்குப் பிறகுதான். இதற்குக் 'கருவி இரவல் திட்டம்' என்று பெயர் வைத்திருக்கிறோம்.

சரி, கச்சேரிப் பணத்தில் வாங்கிவிடக் கூடாதா என்று கேட்பது நியாயம். கணக்கை அப்படியே சொல்கிறோம். 2024-25 நிதியாண்டில் நான்கு கச்சேரிக்கும் டிக்கெட் மூலம் வந்தது 2,16,000 ரூபாய். அரங்க வாடகைக்கு 1,52,000, இசையை நம்பிப் பிழைக்கும் ஏழு பேருக்கான சன்மானம் 1,12,000. ஆக கச்சேரியிலேயே 48,000 கையைக் கடிக்கிறது. உறுப்பினர்கள் ஆளுக்கு 3,000 வீதம் கட்டும் ஆண்டுச் சந்தா அந்தப் பள்ளத்தை அப்படியே அடைக்கிறது. திருமண வரவேற்பு, தேவாலய விழா என்று வெளியில் வாசித்துச் சம்பாதித்தது 2,40,000. அது முழுக்க மூன்று ஆசிரியர்களின் சம்பளத்துக்குப் போகிறது. ஆளுக்கு மாதம் 7,000 வீதம் வருடத்துக்கு 2,52,000, ஆக அதிலும் 12,000 குறைகிறது. அவர்கள் தரும் உழைப்புக்கு இது குறைவு என்று எங்களுக்குத் தெரியும். பயிற்சிக் கூட வாடகை 72,000, தந்தி, வில் மயிர், பழுது பார்க்கும் செலவு 91,000, தணிக்கை, அச்சு முதலியவற்றுக்கு 38,000. இந்த மூன்றையும் சேர்த்தால் 2,01,000. அந்த வருடம் வந்த நன்கொடை 1,86,000. மொத்தத்தில் 27,000 ரூபாய் துண்டு விழுந்தது. சேமிப்பிலிருந்து எடுத்தோம். புதுக் கருவி வாங்க இதில் எங்கேயும் இடமில்லை. டிக்கெட் விலையை ஏற்றலாம் என்றால், 300 ரூபாய்க்கு மேல் போனால் எங்கள் வகுப்புப் பிள்ளைகளின் வீட்டாரே கச்சேரிக்கு வர முடியாது. அதை நாங்கள் விரும்பவில்லை.

பழுதுச் செலவு ஏன் இவ்வளவு என்று தணிக்கையாளரே கேட்டார். சென்னைக் காற்றின் ஈரம் முக்கியக் காரணம். மழைக்காலத்தில் தந்தியை முறுக்கும் பிரடை உப்பிக்கொண்டு திரும்ப மறுக்கும், மே மாதம் சுருங்கி வழுக்கிவிடும். வில்லில் கட்டியிருப்பது குதிரை வால் மயிர். அது ஈரத்தில் நீண்டு தொய்ந்துபோகும். கைவியர்வையும் கடற்காற்றும் பட்டுத் தந்தி சீக்கிரம் துருவேறும். பிள்ளைகள் ஒரு வயலினை இரண்டு பேராகப் பயன்படுத்தும்போது தேய்மானமும் இரண்டு மடங்கு.

இப்போது தேவைப்படுவது 12 வயலின். அரை சைஸ் 3, முக்கால் 6, முழு சைஸ் 3. வில், பெட்டி எல்லாம் சேர்த்து ஒன்று 7,500 ரூபாய் வீதம் 90,000. இருக்கும் 11-உடன் சேர்த்தால் 20 பிள்ளைகளுக்குப் போக மூன்று கையிருப்பு. பிள்ளை வளர்ந்தால் வயலினின் அளவையும் மாற்ற வேண்டியிருப்பதால் அந்த மூன்று அவசியம். வயோலா 3, ஒன்று 12,000 வீதம் 36,000. செல்லோ 2, ஒன்று 40,000 வீதம் 80,000. மழை உறைகளுக்கு 20,000. அப்புறம் இரண்டு வருடத்துக்கான பழுது நிதி 60,000. மொத்தம் 2,86,000 ரூபாய். குழு உறுப்பினர்கள் 40,000 போட்டிருக்கிறோம். பெற்றோர் வாராவாரம் இருபதும் ஐம்பதுமாகச் சேர்த்து 21,000 கொடுத்திருக்கிறார்கள். அந்த நோட்டுப் புத்தகத்தைப் பார்த்தால் தெரியும், ஒரு வாரம்கூட விடாமல் எழுதிய பெயர்கள் இருக்கின்றன. மீதி 2,25,000 ரூபாயைத்தான் உங்களிடம் கேட்கிறோம்.

பழுது நிதியைத் தனியாக வைப்பதற்கு ஒரு காரணம் உண்டு. முன்பு ஒருமுறை, சேதமானால் பெற்றோர் பணம் கட்ட வேண்டும் என்று கையெழுத்து வாங்கி இரண்டு பிள்ளைகளுக்குக் கருவி கொடுத்தோம். ஒரு வீட்டில் பயந்துபோய் பெட்டியைப் பீரோ மேல் வைத்துப் பூட்டியே வைத்துவிட்டார்கள். பிள்ளை தொடவே இல்லை. தவறு எங்களுடைய நிபந்தனையில் இருந்தது. இந்தத் திட்டத்தில் முன்பணமும் இல்லை, அபராதமும் இல்லை. உடைந்தால் கொண்டுவந்து காட்ட வேண்டும், அவ்வளவுதான்.

மேற்கத்திய சங்கீதம் இந்தப் பிள்ளைகளுக்கு எதற்கு என்று எங்களைப் பரிவோடு கேட்பவர்களும் உண்டு. வயலின் நம்மிடம் வந்த வழியை அவர்களுக்கு நினைவூட்ட விரும்புகிறோம். முத்துசுவாமி தீட்சிதரின் குடும்பம் மணலி முத்துகிருஷ்ண முதலியாரின் ஆதரவில் மணலியில் இருந்தது. அங்கிருந்து புனித ஜார்ஜ் கோட்டைக்குப் போய் ஆங்கிலேயர் பேண்டு வாசிப்பதைக் கேட்டார்கள். தம்பி பாலுசுவாமி தீட்சிதர் ஓர் ஐரோப்பியரிடம் வயலின் கற்றுக்கொண்டு அதைக் கர்நாடக இசைக்குள் கொண்டுவந்தார். இருநூறு வருடத்துக்கு மேலாகிறது. மணலி எங்கள் கூடத்திலிருந்து எட்டும் தூரம்தான். வடசென்னைக்கு வயலின் அந்நியமில்லை. அண்ணன் அந்த மேற்கத்திய மெட்டுகளுக்கு சம்ஸ்கிருதத்தில் சாகித்யம், அதாவது பாடல் வரிகள், எழுதினார். அவைதான் நோட்டுஸ்வரங்கள். உலகம் முழுக்கப் பிள்ளைகள் வயலினில் முதலில் வாசிக்கும் 'ட்விங்கிள் ட்விங்கிள்' மெட்டில் அமைந்ததுதான் 'ச்யாமளே மீனாக்ஷி'. எங்கள் வகுப்பில் முதல் பாடமும் அதுதான். கமகம் (ஸ்வரத்தை அசைத்து வாசிப்பது) இல்லாத சங்கராபரண ராகம் என்பதால் நின்றுகொண்டு தாடையில் வைத்து வாசிக்கும் பிள்ளையும், சம்மணம் போட்டு வாசிக்கப் பழகிய பிள்ளையும் சேர்ந்து வாசிக்கலாம்.

எங்கள் மூன்று ஆசிரியர்களில் இரண்டு பேர் கோடம்பாக்கத்து ஒலிப்பதிவுக் கூடங்களில் பல வருடம் வாசித்தவர்கள். ஒரு பாட்டுக்கு டஜன் கணக்கில் வயலின்கள் வரிசையாக உட்கார்ந்த காலம் அது. கீபோர்டும் கம்ப்யூட்டரும் வந்த பிறகு அந்த வேலை சுருங்கிப்போனது. அவர்கள் கையில் இருக்கும் வித்தை அடுத்த கைக்கு மாறாமல் போனால் பெரிய இழப்பு. 2025 மார்ச் 8 அன்று லண்டனில் இளையராஜா தன் சிம்பொனியை அரங்கேற்றிய பிறகு, அடுத்த சனிக்கிழமை வகுப்பு வாசலில் ஆறு புதுப் பெற்றோர் நின்றார்கள். கருவி இல்லாததால் அவர்களைக் காத்திருக்கச் சொன்னோம். இன்னும் காத்திருக்கிறார்கள்.

வகுப்பு தவிர முதியோர் இல்லங்களிலும் மாநகராட்சிப் பள்ளிகளிலும் காசு வாங்காமல் வாசிக்கிறோம். பள்ளிகளில் செல்லோவை நடுவில் வைத்து, பிள்ளைகளை ஒவ்வொருவராக அழைத்து அதன் முதுகில் உள்ளங்கையை வைக்கச் சொல்வோம். அடித் தந்தியை இழுத்தால் கை அதிரும். காது கேளாத ஒரு பையன் கையை எடுக்கவே இல்லை. வரிசை முழுவதும் காத்திருந்தது, யாரும் முணுமுணுக்கவில்லை.

பணம் கொடுப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை சில. நன்கொடை கொடுப்பவர்களுக்கு வருமான வரிக் கழிவு தரும், 80ஜி என்று அழைக்கப்படும் அனுமதி எங்கள் அறக்கட்டளைக்கு இருக்கிறது. பழைய வரி முறையில் கணக்குக் காட்டுபவர்கள் கொடுத்ததில் பாதிக்கு, சட்டம் சொல்லும் உச்சவரம்புக்கு உட்பட்டு, வரிக் கழிவு பெறலாம். புதிய முறையில் இருப்பவர்களுக்கு இது கிடைக்காது. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தாலும் கழிவு கிடையாது, ஆகவே வங்கி வழியாகக் கொடுங்கள், பான் எண்ணையும் சேர்த்துச் சொல்லுங்கள். வெளிநாட்டில் வாழும் இந்தியக் குடிமக்கள் தங்கள் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி மூலம் அனுப்பலாம். வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்டவர்களிடமிருந்து வாங்க எங்களுக்கு அனுமதி இல்லை. மன்னிக்க வேண்டும். அவர்கள் இங்கிருக்கும் உறவினர்களிடம் எங்களைப் பற்றிச் சொன்னால் அதுவே பெரிய உதவி.

முழுத் தொகையும் சேராவிட்டால் முதலில் வயலின்கள், அடுத்து வயோலா, கடைசியில் செல்லோ என்ற வரிசையில் வாங்குவோம். கூடுதலாகச் சேர்ந்தால் பழுது நிதிக்குப் போகும், கச்சேரிச் செலவுக்குத் தொட மாட்டோம். எந்தக் கருவி எந்த மாதம் வாங்கினோம், என்ன விலை என்ற பட்டியல் ரசீது நகலோடு கூடத்தின் சுவரில் ஒட்டப்படும். சனிக்கிழமை மாலை 4 மணியிலிருந்து 6 மணி வரை யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம், வகுப்பையும் கேட்கலாம். பொருளாளர் ரசீதுப் புத்தகத்தோடு வாசல் மேசையில் இருப்பார்.

இன்னொன்று. வீட்டுப் பரணில் தாத்தாவோ பெரியம்மாவோ வாசித்த பழைய வயலின் இருந்தால் கொண்டுவாருங்கள். தந்தி அறுந்திருந்தாலும், தந்திகளைத் தாங்கும் 'குதிரை' என்ற மரத்துண்டு சாய்ந்திருந்தாலும், வில்லில் மயிரே இல்லாவிட்டாலும் பரவாயில்லை. சுருதி சேர்த்துப் பார்க்கலாம் என்று பிரடையைத் திருகிவிட வேண்டாம், பல வருடம் சும்மா கிடந்த பலகை சட்டென்று இறுக்கினால் வெடித்துவிடும். பெட்டியோடு அப்படியே எடுத்து வாருங்கள், எங்கள் ஆசிரியர் பார்த்துக்கொள்வார்.