புதுசுக்குப் போகும் முன் கோராவைப் பார்த்துவிடு, தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

"கோரா வேணாம் அக்கா, ஆங் கதை முடிஞ்ச கையோட நேரா புதுசுக்குப் போயிடறேன்" என்று நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜைக் கேட்டேன். 'அவதார்' அனிமேஷன் தொடரில் ஆங் கதைக்கு அடுத்து வந்தது 'த லெஜண்ட் ஆஃப் கோரா'. அதைத் தாண்டிக்கொண்டு, இனி வரப்போகும் புதுக்கதைக்குப் போகிறேன் என்கிறாய். பதிலை உனக்கு மட்டும் அனுப்பியிருக்கலாம். ஆனால் கோத்தகிரியில் உன் கூட்டாளிகள் பாதிப் பேர் இதையேதான் சொல்கிறார்கள். எல்லோரும் படிக்கட்டும் என்றுதான் இங்கே எழுதுகிறேன்.

உன் மனசு எனக்குப் புரிகிறது. 'அவதார்: த லாஸ்ட் ஏர்பெண்டர்' 2005 பிப்ரவரியில் தொடங்கி 2008 ஜூலையில் முடிந்தது. 61 எபிசோடு. அதற்குள் ஆங், கட்டாரா, சொக்கா, டாஃப், சூக்கோ எல்லோரும் நம் வீட்டுப் பிள்ளைகள் ஆகிவிட்டார்கள். ஐரோ மாமா குன்றின் மேல் மரத்தடியில் உட்கார்ந்து, செத்துப்போன மகனுக்காகப் பாடும் இடத்தில் நீ கம்பளிக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாய். அவருக்குக் குரல் கொடுத்த மாக்கோ 2006இல் காலமானார். அந்தப் பகுதியை அவருக்கே காணிக்கை ஆக்கினார்கள். இப்படி ஒன்றைப் பார்த்து முடித்தவனுக்கு அடுத்து எது வந்தாலும் ஒட்டாதுதான்.

இப்போது நாம் காத்திருக்கும் கதைக்கு வருவோம். தொடருக்கு 20 வயது நிறைந்தபோது, 2025 பிப்ரவரியில் 'அவதார்: செவன் ஹேவன்ஸ்' அறிவிப்பு வந்தது. உருவாக்குவது முதல் தொடரை உருவாக்கிய அதே டிமார்டினோ, கோனியெட்ஸ்கோ ஜோடி. 26 எபிசோடு, 2டி அனிமேஷன். நெருப்பு, காற்று, நீர், மண் நாலையும் ஆட்டிவைப்பவர்தான் அவதார். ஒருவர் இறந்தால் இன்னொருவராகப் பிறப்பார். கோராவுக்கு அடுத்து பிறக்கும் அவதார், மண்ணை ஆட்டிவைக்கும் ஒரு எர்த்பெண்டர் பெண். அந்த வரிசையில் சுற்றிவரும் பிறவியில் இது மண்ணின் முறை. பெரிய அழிவில் உலகமே சிதைந்துபோயிருக்கிறது. அவதார் என்றாலே காப்பவர் என்று இருந்தது போய், அழிக்க வந்தவள் என்று மனிதர்களும் ஆவிகளும் அவளைத் துரத்துகிறார்கள். சின்ன வயதில் பிரிந்துபோன இரட்டைப் பிறப்பு ஒன்றும் அவளுக்கு இருக்கிறது.

இனி சொல்லப்போவது கதையை உடைக்கும். உடைக்காமல் என் வாதம் நிற்காது. ஆங்குக்குச் சிக்கல் வந்தால் கேட்பதற்கு ஆள் இருந்தது. நெருப்பு நாட்டு அரசன் ஓசாயைக் கொல்வதா வேண்டாமா என்று தவித்தபோது, தனக்கு முந்தைய அவதார்களான ரோக்கு, கியோஷி, குருக், யாங்சென் என்று நாலு பேரையும் வரிசையாகக் கூப்பிட்டுக் கேட்டான். கோராவின் இரண்டாவது சீசன் முடிவில் அந்தத் தொடர்பு அறுந்துவிடுகிறது. ஆங் உட்பட ஒருவரும் பதில் சொல்ல வரமாட்டார்கள். அப்படியென்றால் இந்தப் புதுப் பெண் தனக்கு முன்னால் இருந்தவர்களைத் தேடினால் அகப்படக்கூடியவள் கோரா ஒருத்திதான். அவள் யாரென்றே தெரியாமல் நீ புதுக்கதையில் உட்கார்ந்தால், பேச்சு நடக்கும் வீட்டுக்கு வெளியே நிற்பாய்.

கோரா சீராகப் போகும் தொடர் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். முதல் சீசனை 12 எபிசோடோடு முடியும் தனிக்கதையாகத்தான் சேனல்காரர்கள் கேட்டிருந்தார்கள். அதனால்தான் முடிவு அவ்வளவு அவசரமாக இருக்கிறது. 2014இல் மூன்றாவது சீசனைப் பாதியிலேயே டிவியிலிருந்து எடுத்து இணையத்தில் போட்டார்கள். நாலாவதில் பட்ஜெட்டை வெட்டியதால் பழைய காட்சிகளை ஒட்டி ஒரு எபிசோடு ஓட்ட வேண்டியதாயிற்று. அதை நீ தாண்டிக்கொண்டு போகலாம். இரண்டாவது சீசன் நடுவே முதல் அவதாரான வான் என்பவனின் கதை வருகிறது. மசி ஓவியம் போல வரைந்திருப்பார்கள். அதை மட்டும் போன் திரையில் பார்த்துவிடாதே.

எனக்கு உயிரான இடம் மூன்றாவது சீசன் முடிந்த பிறகுதான். உலோக விஷம் உடம்பில் ஏறி, ஜெயித்தும் சக்கர நாற்காலிக்கு வந்துவிடுகிறாள் கோரா. எழுந்து நடக்கவே ரொம்ப நாள் ஆகிறது. தோழர்களில் அசாமிக்கு மட்டும் கடிதம் எழுதுகிறாள். கடைசியில் சதுப்பு நிலத்தில் கிழவி டாஃபிடம் போய்ச் சேர்கிறாள். மிச்சமிருக்கும் உலோகத்தை எடுத்துவிட டாஃப் பார்க்கிறாள். பயத்தில் கோராவின் உடம்பு இறுகிக்கொண்டு விடமாட்டேன் என்கிறது. பிறகு ஒருநாள், பல்லைக் கடித்துக்கொண்டு கோராவே அதை வெளியே இழுக்கிறாள். வெள்ளி நிறத்தில் சொட்டுச் சொட்டாக வரும். அடிபட்டு எழுந்த இவளைத்தானே, உலகமே வெறுக்கும் ஒரு பெண் துணைக்குத் தேடுவாள்?

மண் என்றால் நமக்குத் தெரியும் தம்பி. 2009 நவம்பர் மழையில் நீலகிரி சரிந்து 40க்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். அரவேணு வீட்டுப் பின்பக்கம் சித்தப்பா கட்டிய தடுப்புச்சுவரில் தண்ணீர் வடியக் குழாய்த் துண்டுகள் வைத்திருக்கிறாரே, பெருமழை விட்டதும் ஒவ்வொன்றிலும் கைநீட்டிப் பார்ப்பார், வருவது தெளிந்த தண்ணீரா கலங்கலா என்று. எர்த்பெண்டிங் அசைவுகளை ஹங் கா என்ற சீனச் சண்டைக்கலையிலிருந்து எடுத்தார்கள். காலை அகட்டி ஊன்றாமல் அதில் ஒரு அடி விழாது. இடிந்த உலகத்தில் அப்படி ஊன்றி நிற்கப்போகும் ஒருத்தியின் கதையை மலைக்காரன் நீ பாதி தெரிந்து பார்க்கக் கூடாது என்பதுதான் என் பிடிவாதம்.

ஆயுத பூஜை லீவுக்குக் கோயம்புத்தூரிலிருந்து மேலே வருவாயே, அதற்குள் முதல் இரண்டு சீசனை முடித்துவிடு. மூன்றாவதைச் சேர்ந்து பார்ப்போம். எபிசோடுகளை அங்கேயே டவுன்லோடு செய்துகொண்டு வா. மழை பிடித்தால் இங்கே கரண்டும் இருக்காது, நெட்டும் இருக்காது. குஞ்சப்பனை தாண்டியதும் போன் பண்ணு.

அன்புடன்,
அக்கா