லினன் விரிப்பு வாங்கும் முன் கட்டிலை அளந்துகொள்ளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஐரோப்பா சுற்றுலா செல்வோர் வாங்கி வரத் தக்க பொருட்கள் பற்றித் தங்கள் நாளிதழில் வந்த குறிப்பில், சாக்லேட்டுக்கும் சென்ட்டுக்கும் அடுத்து ‘லினன் விரிப்புகள்’ என்று இரண்டே சொல்லில் முடித்துவிட்டீர்கள். லினன் என்பது ஆளிச் செடியின் தண்டு நாரில் நெய்த துணி. ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் பக்கமிருந்து பிள்ளைகளைப் பார்க்க ஜெர்மனிக்கும் பிரான்சுக்கும் போய்வரும் பெற்றோர் இப்போது நிறையப் பேர். அவர்கள் ஆசையாக வாங்கி வரும் விரிப்பும் உறையும் நம் கட்டிலுக்குச் சேராமல் பீரோவில் கிடக்கின்றன. வெட்டித் தைத்துத் தர முடியுமா என்று கேட்டு எங்கள் பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டுக்குத்தான் வருகின்றன. வீட்டு உபயோகத் துணி விற்பதும் தைப்பதும் எங்கள் தொழில் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறோம்.

முதலில் தலையணை உறை. நம்மூர்த் தலையணை 17க்கு 27 அங்குலம், அதாவது சுமார் 43க்கு 69 செ.மீ. ஜெர்மனியில் உறை 80க்கு 80 செ.மீ. சதுரம். பிரான்சில் 65க்கு 65 சதுரம்தான் கண்ணில் அதிகம் படும். இரண்டும் இங்கே உதவாது. பிரான்சிலேயே 50க்கு 70 என்று ஓர் அளவு உண்டு, கேட்டால் எடுத்துத் தருவார்கள். நம் தலையணைக்குச் சற்றே தளர்வாக உட்காரும். ஜெர்மன் உறையை ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் கவலைப்பட வேண்டாம். ஓர் உறையை வெட்டினால் நம் அளவில் ஓர் உறை போக நீளப் பட்டி ஒன்று மிஞ்சும்.

எலாஸ்டிக் வைத்த விரிப்பை வாங்காதீர்கள் என்பதே எங்கள் கருத்து. அங்கே 160க்கு 200 செ.மீ. மெத்தைக்குத் தைத்ததை நம் 60க்கு 75 அங்குலக் கட்டிலில் போட்டால் அகலத்தில் 8, நீளத்தில் 10 செ.மீ. மிச்சம். போதாததற்கு அவர்கள் மெத்தை உயரம். விரிப்பின் மூலைப் பை 25, 30 செ.மீ. ஆழம் இருக்கும். நம் தேங்காய் நார் மெத்தையோ 4 முதல் 6 அங்குலம். மிச்சத் துணி அடியில் சுருண்டு, புரண்டு படுத்தாலே கழன்று வரும். எலாஸ்டிக் இல்லாத சாதா விரிப்பே நமக்குச் சரி. மெத்தை அகலத்தோடு அதன் உயரத்தை இரண்டு முறை கூட்டி, செருகுவதற்கு 50 செ.மீ. சேருங்கள், நீளத்துக்கும் அதே கணக்கு. 6 அங்குல உயரமுள்ள 60க்கு 75 அங்குல மெத்தைக்கு 232க்கு 270 செ.மீ. வரும். அங்கே கிடைக்கும் 240க்கு 300 பொருந்தும். 72க்கு 78 அங்குலக் கட்டிலுக்கு 270க்கு 300 செ.மீ. கேளுங்கள். கடையிலேயே துவைத்து மென்மையாக்கிய லினன் என்றால் சுருக்கம் குறைவு. துவைக்காத லினன் முதல் சலவையில் நூற்றுக்கு 5 முதல் 10 வரை சுருங்கும், அதற்கும் இடம் விட்டு வாங்க வேண்டும்.

குளிர்கால மெத்தைப் போர்வைக்கு மாட்டும் பெரிய உறைகளைத் தள்ளுபடியில் குவித்து வைத்திருப்பார்கள். சென்னைக்கு எதற்கு என்று ஒதுக்க வேண்டாம். 240க்கு 220 செ.மீ. உறையின் ஓரத் தையலைப் பிரித்தால் 60 அங்குலக் கட்டிலுக்கு இரண்டு விரிப்பு. செருகும் துணி மட்டும் கொஞ்சம் குறையும். பிரிக்காமல் விட்டால் ஏ.சி. அறைக்கு இரட்டைப் போர்வை. எடையைப் பாருங்கள்: ச.மீட்டருக்கு 170 கிராம் லினனில் அந்த உறை ஏறக்குறைய 1.8 கிலோ.

அடுத்தது, ஓரத்தில் தைத்திருக்கும் சின்னத் துணிச்சீட்டு. லினன் பிரிவில் தொங்குவதெல்லாம் ஆளி நார்த் துணி அல்ல. பருத்தியும் பாலியஸ்டரும் அங்கேதான் இருக்கும். எந்த நார் எத்தனை சதவீதம் என்று ஐரோப்பிய ஒன்றியத்தில் கட்டாயம் எழுத வேண்டும். பிரெஞ்சில் எல், ஐ, என் என்ற மூன்று எழுத்துதான் ஆளி நார். ஜெர்மனில் ‘லைனன்’, இத்தாலியனில் ‘லினோ’. ஜெர்மனில் ‘ஹால்ப்லைனன்’, பிரெஞ்சில் ‘மெத்தீஸ்’ என்றால் நீளவாட்டு நூல் (பாவு) பருத்தி, குறுக்கு நூல் (ஊடை) லினன். மட்டமென்று நினைக்க வேண்டாம், பாத்திரம் துடைக்க மிக நல்லது.

ஆனால் எந்த நாட்டில் நெய்தது என்று எழுத அங்கே சட்டக் கட்டாயம் இல்லை. இதில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். மேஜை விரிப்பும் சமையலறைத் துண்டும் நம் கரூரிலிருந்து ஐரோப்பாவுக்குக் கப்பல் கப்பலாகப் போகின்றன. கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தில் இந்த வண்ணாரப்பேட்டையிலேயே வெளுத்து அனுப்பிய துணி வேறு கதை. கரூர்த் துண்டை பாரிஸ் விலை கொடுத்துத் திருப்பிக் கொண்டுவர யாருக்கும் அவசியமில்லை. ‘மாஸ்டர்ஸ் ஆஃப் லினன்’ முத்திரை இருந்தால் நூற்பது, நெய்வது எல்லாம் ஐரோப்பாவில் நடந்தது என்று பொருள். ‘யூரோப்பியன் ஃப்ளாக்ஸ்’ என்று மட்டும் இருந்தால் நார் மட்டுமே அங்கே விளைந்தது. நூற்பும் நெசவும் சீனாவிலோ இந்தியாவிலோ நடந்திருக்கலாம்.

அந்தந்த ஊர்ச் சரக்கை அந்தந்த ஊரில் வாங்குவது உத்தமம். நார்மண்டியிலிருந்து பெல்ஜியம் வரை கடலோரம் முழுக்க ஆளி விளையும் பூமி. பெல்ஜியத்தின் கோர்ட்ரைக் பக்கம் லைய ஆற்றில் ஆளித் தண்டை ஊறவைத்து நார் எடுத்த பழைய லினன் வட்டாரம். பிரான்சின் வோஜ் மலைப்பகுதியில் ஜெரார்மே ஊர் மேஜை விரிப்புக்குப் பேர் போனது. பிரான்ஸ், ஸ்பெயின் எல்லையை ஒட்டிய பாஸ்க் பகுதியின் ஏழு பட்டைத் துணி ஒரு காலத்தில் வெயிலுக்கும் ஈக்கும் மாட்டின் மேல் போர்த்தியது. ஏழு பட்டையும் ஏழு பாஸ்க் மாகாணத்துக்கு. அதைத் திருப்பிப் பாருங்கள். நெய்த பட்டை இரண்டு பக்கமும் ஒரே நிறமாக இருக்கும், அச்சடித்த போலி பின்பக்கம் வெளிறியிருக்கும். வெனிசை அடுத்த புரானோவில் ஊசியால் பின்னும் லேஸ், கையகலத் துண்டே நல்ல விலை. தெருக்கடையில் முழு மேஜை விரிப்பாகச் சல்லிசாகத் தொங்குவது மெஷின் வேலை.

ஆறு பேர் உட்காரும் நம் 5க்கு 3 அடி மேஜைக்கு 140க்கு 200 செ.மீ. விரிப்பு சரியாக இருக்கும். நாலு பக்கமும் 24 செ.மீ. தொங்கும்.

அங்கே விலையோடு சேர்த்து வாங்கும் விற்பனை வரியை, ஊர் திரும்பும் வெளிநாட்டவர் திரும்பப் பெறலாம். அதில் ஒரு விஷயம். பில் பிள்ளையின் பெயரில் இருந்தால் கிடைக்காது, அவர் அங்கே வசிப்பவர். பெற்றோரின் இந்திய பாஸ்போர்ட்டைக் காட்டி, அவர்கள் பெயரிலேயே வரித்திருப்புப் படிவம் கேட்க வேண்டும். பிரான்சில் ஒரே கடையில் 100 யூரோவுக்கு மேல், ஜெர்மனியில் 50க்கு மேல், இத்தாலியில் 70க்கு மேல் வாங்கியிருக்க வேண்டும். ஸ்பெயினில் வரம்பே இல்லை. துணியைப் பிரித்து உபயோகிக்கக் கூடாது. விமான நிலையத்தில் பெட்டியை ஒப்படைக்கும் முன்பே சுங்க முத்திரை வாங்குங்கள். பெட்டி உள்ளே போன பிறகு துணியைக் காட்டச் சொன்னால் ஒன்றும் செய்ய முடியாது. இடைத்தரகுக் கட்டணம் போகத்தான் பணம் வரும். லண்டனில் 2021 முதல் இந்தச் சலுகை கிடையாது.

கொண்டுவந்த பின் நம் தண்ணீர் ஒரு சங்கடம். இப்பகுதி போர்வெல் தண்ணீரில் இரும்பு இருந்தால் வெள்ளை லினன் பழுப்பேறும்; முதல் சலவைகளை மெட்ரோ தண்ணீரில் செய்யுங்கள். புதுத் துண்டு இரண்டு மூன்று முறை துவைத்த பிறகுதான் ஈரம் இழுக்கும். சாம்பார் சிந்தினால் முதலில் சோப்புப் போட்டு எண்ணெயை எடுங்கள். மஞ்சள் கறை உடனே சிவக்கும், பயப்பட வேண்டாம். நன்றாக அலசி ஈரத்தோடு மொட்டை மாடி வெயிலில் விரித்தால் வெளுத்துவிடும். பிளீச்சிங் பவுடர் போட்டால் நார் இற்றுப்போகும். கஞ்சி போட்டு அடுக்கி வைத்தால் பூச்சி அரிக்கும். பாலித்தீன் பையில் கட்டினால் நம் கடற்காற்று ஈரத்துக்குப் பூஞ்சைப் புள்ளி விழும். பழைய வேட்டியில் சுற்றி, அவ்வப்போது மடிப்பை மாற்றி வையுங்கள்; ஒரே மடிப்பில் கிடந்தால் லினன் அந்தக் கோட்டிலேயே கிழியும்.

கட்டில், தலையணை அளவுகளை மட்டுமாவது சுற்றுலாப் பக்கத்தில் சிறு கட்டமாகப் போட்டால், வாசகர்கள் வெட்டி பாஸ்போர்ட்டோடு வைத்துக்கொள்ள வசதியாக இருக்கும்.

இப்படிக்கு,
வீட்டு உபயோகத் துணி வியாபாரிகள், தையல்காரர்கள்,
பழைய வண்ணாரப்பேட்டை, சென்னை - 21.