வசந்திக்கு: நம்ம பள்ளிக்கூடத்து நெட் பற்றி

திருச்சி,
12 ஜூலை

அன்புள்ள வசந்தி,

கடிதம் கிடைத்தது. பள்ளி மேலாண்மைக் குழுவுக்கு நீ தலைவி என்றதும் சிரிப்பு வந்தது. அந்தக் காலத்தில் ஹெட்மாஸ்டர் அறைப் பக்கம் போகவே பயந்தவள் நீ! முன்னாள் மாணவர்கள் 20 கம்ப்யூட்டரும் ஃபைபர் லைனும் வாங்கிக் கொடுத்த கையோடு, பாதிப் பெற்றோர் "நெட்டைப் பிடுங்குங்க" என்றும் மீதிப் பேர் "நெட் இல்லாம என்ன கம்ப்யூட்டர் கிளாஸ்" என்றும் மல்லுக்கு நிற்பதாக எழுதியிருந்தாய். "எல்லாம் பிளாக் பண்ணியாச்சு" என்று பள்ளியில் சொன்னார்களாம். எந்தப் பள்ளியில் கேட்டாலும் இந்தப் பதில்தான் வரும். எதை, எந்த இடத்தில், எப்படி என்று கேட்டால் அடுத்த பதிலுக்குத் திணறுவார்கள். நீ அதைத்தான் கேட்க வேண்டும்.

சின்னப் பள்ளிகளில் "பிளாக்" என்பது பெரும்பாலும் டிஎன்எஸ் வடிகட்டிதான். டிஎன்எஸ் என்பது டெலிபோன் டைரக்டரி மாதிரி. தளத்தின் பெயரைக் கேட்டால் எண்ணைச் சொல்லும். கெட்ட தளங்களின் எண்ணைச் சொல்ல மறுக்கும் டைரக்டரியும் உண்டு. கிளவுட்ஃப்ளேர் என்ற இணைய நிறுவனம் 2020-இல் இலவசமாகத் தொடங்கிய 1.1.1.3 அப்படிப்பட்டது. ஆபாசத் தளம், வைரஸ் தளம் இரண்டையும் தடுக்கும். 1.1.1.2 என்று ஓர் எண் தள்ளிப் போட்டுவிட்டால் வைரஸ் மட்டும்தான் நிற்கும், ஆபாசம் தாராளமாக வரும். இந்தத் தவறு சாதாரணமாக நடக்கிறது.

இதைவிடப் பெரிய தவறு இரண்டாவது கட்டத்தில் இருக்கும். ரூட்டரின் செட்டிங் பக்கத்தில், டிஹெச்சிபி (கம்ப்யூட்டர்களுக்கு முகவரி ஒதுக்கும்) என்ற பகுதியில், டிஎன்எஸ்ஸுக்கு இரண்டு கட்டங்கள் உண்டு. முதலில் 1.1.1.3 போட்டுவிட்டு, "ஒருவேளை அது வேலை செய்யலைன்னா" என்று இரண்டாவதில் கூகுளின் 8.8.8.8-ஐப் போட்டு வைப்பார்கள். முதல் எண் கொஞ்சம் தாமதித்தால் போதும், கம்ப்யூட்டர் இரண்டாவதைக் கேட்டுவிடும். சில கருவிகள் இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்கும். விளைவு, தடை ஒரு நேரம் இருக்கும், ஒரு நேரம் இருக்காது. உங்களுக்குச் செய்து காட்டும்போது சரியாக வேலை செய்யும், மறுநாள் பையன்கள் உட்காரும்போது திறந்து கிடக்கும். இரண்டாவது கட்டத்தில் 1.0.0.3 இருக்க வேண்டும். அதே வடிகட்டியின் மாற்று எண் அது.

அந்தப் பக்கத்திலேயே ஐபிவி6 என்று இன்னொரு பகுதி இருக்கும். புதிய வகை இணைய முகவரிக்கானது அது. இப்போது ஃபைபர் லைன்களில் பழைய முகவரி, புதிய முகவரி இரண்டும் சேர்ந்தே வருகின்றன. பழையதில் வடிகட்டியைப் போட்டுவிட்டுப் புதியதை அப்படியே விட்டால், முன்கதவைப் பூட்டிக் கொல்லைக் கதவைத் திறந்து வைத்த கதைதான். அதிலும் வடிகட்டியின் எண்ணைப் போடச் சொல், இல்லையென்றால் ஐபிவி6-ஐ அணைத்துவிடச் சொல். நெட் கம்பெனி கொடுக்கும் ரூட்டர் பெட்டிகள் சிலவற்றில் டிஎன்எஸ்ஸை மாற்றவே விடாது. அப்படியானால் அதற்குப் பின்னால் சொந்தமாக ஒரு ரூட்டர் வைத்து, லேபை அதில் இணைக்க வேண்டும்.

சோதிக்க ஆபாசத் தளம் எதையும் திறக்க வேண்டாம், அதுவும் பெற்றோர் சுற்றி நிற்கும்போது! கிளவுட்ஃப்ளேர் இதற்கென்றே வெற்றுச் சோதனை முகவரிகள் வைத்திருக்கிறது. கம்ப்யூட்டர் ஆசிரியரை கமாண்ட் பிராம்ப்ட் (கட்டளை அடிக்கும் கறுப்புத் திரை) திறந்து, டிஎன்எஸ் என்ன எண் சொல்கிறது என்று காட்டும் என்எஸ்லுக்அப் கட்டளையில் அந்த முகவரியைக் கொடுக்கச் சொல். பதில் 0.0.0.0 என்று வந்தால் வடிகட்டி இருக்கிறது. உண்மையான எண் வந்தால் இல்லை. நாலைந்து கம்ப்யூட்டரில், ஒவ்வொன்றிலும் பத்துத் தடவையாவது பாருங்கள். ஒரு தடவை பார்த்தால் அந்த 8.8.8.8 சிக்காது.

இத்தனையும் சரியாக இருந்தாலும் கூகுள் இமேஜஸ் தப்பித்துவிடக் கூடும். அங்கே தெரியும் சின்னப் படங்கள் கூகுளின் சர்வரிலிருந்தே வருகின்றன. கூகுளை மூடாமல் அதை டிஎன்எஸ் தடுக்காது. அதற்கு, ஆபாச முடிவுகளை மறைக்கும் சேஃப்சர்ச் என்ற கூகுள் வசதியைக் கட்டாயமாக்க வேண்டும். ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் ஹோஸ்ட்ஸ் என்ற ஃபைலைத் திறந்து (டிஎன்எஸ்ஸுக்கு முன்னால் கம்ப்யூட்டர் பார்க்கும் சொந்த டைரக்டரி அது), www.google.com, www.google.co.in இரண்டுக்கும் 216.239.38.120 என்ற எண்ணை எழுதிவிட்டால் போதும். தேடல் முடிவுகள் எப்போதும் வடிகட்டப்பட்டே வரும், மாணவர்கள் செட்டிங்கில் போய் அணைக்க முடியாது. 'கோ.இன்'னை மறந்துவிடுவார்கள், ஞாபகப்படுத்து. மைக்ரோசாஃப்டின் பிங் தேடலுக்குத் தனியாகச் செய்ய வேண்டும், அதை விட்டால் எட்ஜ் பிரவுசர் வழியாக எல்லாம் வந்துவிடும். யூடியூபுக்கும் இப்படி இரண்டு அளவு உண்டு. கடுமையானதைப் போட்டால் நல்ல பாட வீடியோக்கள்கூட மறைந்துபோகும். மிதமானதே போதும் என்பது என் கருத்து. அதற்கு எண் 216.239.38.119. இரண்டிலும் கமெண்டுகள் தெரியாது. அது ஒரு புண்ணியம்.

மாணவர்கள் உட்காரும் கணக்கு, எதையும் மாற்ற அனுமதியுள்ள அட்மின் கணக்காக இருக்கக் கூடாது. இருந்தால் ஹோஸ்ட்ஸ் ஃபைலை ஒன்பதாம் வகுப்புப் பையன் ரெண்டு நிமிஷத்தில் பழையபடி ஆக்கிவிடுவான். குரோமில் எக்ஸ்டென்ஷன் (கூடுதல் நிரல்) ஏற்றுவதையும், தடயம் பதியாத இன்காக்னிட்டோவையும், "செக்யூர் டிஎன்எஸ்" என்பதையும் பாலிசி (அட்மின் போடும் கட்டுப்பாடு) போட்டு மூட வேண்டும். இந்த மூன்றாவது ஒன்று திறந்திருந்தால் பிரவுசர் ரூட்டரைக் கேட்காமல் தானே வேறொரு டைரக்டரியைக் கேட்டுக்கொள்ளும். நீங்கள் செய்தது அத்தனையும் வீண்.

சொல்லை வைத்துத் தடுக்கும் மென்பொருளை விற்க யாராவது வந்தால் வாங்காதே. அந்தப் பட்டியல்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தை நம்பிச் செய்தவை. பத்தாம் வகுப்பு அறிவியலில் இனப்பெருக்கப் பாடத்துக்கு ஒரு பெண் ஆங்கிலத்தில் தேடினால் தடுக்கும், மார்பகப் புற்றுநோய் என்று தேடினாலும் தடுக்கும். தமிழிலோ தங்கிலீஷிலோ கெட்ட வார்த்தையை அடித்தால் பெரும்பாலும் கதவைத் திறந்து வழிவிடும். எந்த வடிகட்டியும் நல்லதையும் சில நேரம் தடுக்கத்தான் செய்யும். லேபில் ஒரு நோட்டு வையுங்கள். தடைபட்ட பாடத் தளத்தின் பெயரைப் பிள்ளைகள் அதில் எழுதட்டும், ஆசிரியர் பார்த்து மறுநாளே திறக்கட்டும். நோட்டு இல்லாத இடத்தில் பிள்ளைகள் தடையைச் சுற்றிப் போக உதவும் விபிஎன் தேடப் போய்விடுவார்கள்.

காசே இல்லாமல் செய்யக்கூடியது ஒன்று. மேசைகளைச் சுவரோடு ஒட்டி 'ப' வடிவில் போட்டு, திரைகள் எல்லாம் அறையின் நடுவைப் பார்த்திருக்கும்படி வைக்கச் சொல். ஆசிரியர் நடுவில் நின்றால் 20 திரையும் ஒரே பார்வையில் தெரியும். வரிசை வரிசையாக வைத்தால் ஆசிரியருக்குத் தெரிவது மானிட்டரின் முதுகுதான். மேலே எழுதிய எல்லாவற்றையும்விட இதை நான் அதிகம் நம்புகிறேன்.

வைஃபை பாஸ்வேர்டு ஸ்டாஃப் ரூம் சுவரில் எழுதியிருக்கிறதா பார். ஒரு மாணவனின் போனுக்குள் அது போய்விட்டால், வைஃபை ஷேர் என்ற க்யூஆர் கோடு வழியாக மதியத்துக்குள் வகுப்பு முழுக்கப் பரவிவிடும். லேபுக்கு ஒயர் போதும். வைஃபை ஆசிரியர்களுக்கு மட்டும், தனி நெட்வொர்க்காக இருக்கட்டும். பிள்ளைகள் சொந்த டேட்டாவில் பார்ப்பதைப் பள்ளியின் எந்த வடிகட்டியும் தொடாது. இதைக் கூட்டத்தில் வெளிப்படையாகச் சொல்லிவிடு, பின்னால் உன் தலையில் வந்து விழாது.

பெற்றோர் யாரும் கேட்காதது ஸ்மார்ட் போர்டைப் பற்றி. ஆசிரியர் தன் சொந்தக் கணக்கில் யூடியூபைத் திறந்து பாடம் போடுவார். நடுவில் விளம்பரம் வரும், முடிந்ததும் ஆட்டோபிளே அடுத்ததை ஓட்டும், மூலையில் அவருடைய வாட்ஸ்அப் செய்தி எட்டிப் பார்க்கும். நாற்பது பிள்ளைகளும் ஒன்றாகப் பார்ப்பார்கள். போர்டுக்கென்று தனிக் கணக்கு, ஆட்டோபிளே ஆஃப், நோட்டிஃபிகேஷன் ஆஃப். முடிந்தவரை தமிழக அரசின் மணற்கேணி தளத்தில் இருக்கும் பாடங்களையே போடட்டும்.

வகுப்பு வாட்ஸ்அப் குழுவும் அப்படித்தான். சாதாரணக் குழுவில் எல்லா அம்மாக்களின் நம்பரும் எல்லோருக்கும் தெரியும். வாட்ஸ்அப்பின் கம்யூனிட்டி என்ற வசதியில் அறிவிப்புக் குழுவாக வைத்தால் பெற்றோர் நம்பர் மற்றப் பெற்றோருக்குத் தெரியாது. வீட்டுப்பாடம் அனுப்ப அது போதும். புதிதாக ஏதாவது ஆப்பில் பிள்ளைகளைச் சேர்க்கச் சொன்னால் என்னென்ன தகவல் கேட்கிறது என்று முதலில் எழுதி வாங்கு. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்கு உட்பட்டவர்களின் தகவலுக்குப் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்கிறது.

இதைக் கட்டாயம் சொல்லி வை. ஏதாவது பிள்ளையின் தவறான படமோ வீடியோவோ சுற்றுகிறது என்று தெரிந்தால், "பாருங்க, என்ன அநியாயம்" என்று யாரும் குழுவில் ஃபார்வேர்டு செய்யக் கூடாது. கோபத்தில் அனுப்பினாலும் அது போக்சோ என்ற குழந்தைகள் பாலியல் குற்றத் தடுப்புச் சட்டத்திலும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67பி பிரிவிலும் குற்றமாகிவிடும். எந்தக் கணக்கிலிருந்து, எத்தனை மணிக்கு வந்தது என்று மட்டும் குறித்துக்கொண்டு போலீசில் புகார் கொடுக்கட்டும். பிள்ளைக்கு உதவி வேண்டுமென்றால் அழைக்கும் எண் 1098. பண மோசடி என்றால் 1930.

சனிக்கிழமை லேப் திறந்திருக்கும் என்றாயே, போய் அந்த இரண்டாவது கட்டத்தில் என்ன எண் இருக்கிறது என்று பார்த்து எழுது. 8.8.8.8 இருந்தால் போனே போடு.

உன்,
கோமதி