ஏணியில ஏறுனவன் மேல என்ன பண்ணான்னு யாரு பாத்தா?

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

தென்னாப்பிரிக்கா டோங்காட்டுல இருந்து எழுதுறேன். வயசு அறுபத்தெட்டு ஆச்சு, தமிழ் படிச்சதெல்லாம் கோயில் வகுப்புல தான், அதனால பேசுற மாதிரியே தான் எழுத வரும், தப்பு இருந்தா நீங்களே திருத்திக்கோங்க. போன வாரம் எங்க தெருவுல மறுபடியும் ஒரு பேக்கி வண்டி (பின்னால திறந்த சின்ன சாமான் வண்டி) ஏணியோட வந்து நின்னுச்சு, எதிர்வீட்டு ஆயாகிட்ட "உங்க ரூஃப் ரிட்ஜ் எல்லாம் விட்டுப்போச்சு"ன்னு, அதான் கூரை முகடு போச்சுன்னு, கீழ நின்னுக்கிட்டே சொல்றான், அதைப் பாத்ததும் தான் இனிமே சும்மா இருக்கக் கூடாதுன்னு இந்த லெட்டரை எழுத உக்காந்தேன்.

2024 ஜூன் 3 திங்கக்கிழமை டோர்னேடோ சுழல்காத்து எங்க ஊரை அடிச்சது உங்க எல்லாருக்கும் தெரியும். எங்க ஊர்லயே மகவேனி பக்கம் வீடே இல்லாமப் போச்சு, உயிரும் போச்சு. அதோட பாத்தா எங்க வீட்டுக்கு ஒண்ணுமே ஆகலன்னு தான் சொல்லணும், ஒரு பக்கத்து டைல் கொஞ்சம் பறந்துச்சு, செயில் (தார்ப்பாய்) போட்டு மூடி கயிறு கட்டி வச்சிருந்தோம். மூணாம் நாள் காலைல ரெண்டு பேர் வந்தாங்க. "அங்கிள், பக்கத்துத் தெருவுல வேலை முடிச்சோம், சாமான் மிச்சம் இருக்கு, அதான் உங்களுக்கு விலை குறைச்சு செய்யுறோம்". எந்தத் தெரு, எந்த வீடுன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா அன்னிக்கே விஷயம் முடிஞ்சிருக்கும். கேக்கல. ராத்திரி பூரா செயில் படபடன்னு அடிக்கிறதைக் கேட்டுக்கிட்டு தூக்கமே இல்லாம கிடந்தவனுக்கு அந்த ஏணியைப் பாத்ததும் சாமியே வந்த மாதிரி இருந்துச்சு.

ஒருத்தன் மேல ஏறினான். எனக்கு முட்டி வலி, நான் கீழயே நின்னேன். மேல இருந்து டக்கு டக்குன்னு சத்தம் வந்துச்சு, கொஞ்ச நேரம் கழிச்சு உடைஞ்ச டைல் நாலஞ்சு துண்டு எடுத்துக்கிட்டு இறங்கினான், போன்ல மரம் உளுத்துப்போன போட்டோவும் காட்டினான். மொத்தம் 42,000 ராண்ட், இன்னிக்கே 15,000 போட்டா நாளைக்கே மரம் வந்துரும்னான். சூட்டோட சூடா பையன் போன்லயே இ.எஃப்.டி பண்ணி பேங்க்ல இருந்து காசை அனுப்பிட்டேன். அக்கவுண்ட் பேரு கம்பெனி பேரும் இல்ல, அவன் பேரும் இல்ல, யாரோ ஒரு பொம்பளை பேரு. "ஆபீஸ் மேடம்"ன்னான். நாலு நாள் போன் அடிச்சுச்சு, அப்புறம் அதுவும் இல்ல.

அப்புறம் என் மச்சான் மகன் வந்து பாத்தான், அவன் கட்டட வேலை தெரிஞ்சவன். அந்தத் துண்டுகளைக் கையில எடுத்து திருப்பிப் பாத்துட்டு சிரிக்கிறான். "மாமா, இந்த ஓரத்தைப் பாருங்க"ங்கிறான். மேல்பக்கம் பாசி பிடிச்சு கருப்பா இருக்கு, உடைஞ்ச ஓரம் மட்டும் அப்பதான் உடைச்ச பிஸ்கட் மாதிரி வெளுத்து சுத்தமா இருக்கு. ரொம்ப நாள் முன்னாடி உடைஞ்சதுன்னா அந்த ஓரத்துலயும் அழுக்கு ஏறியிருக்கும். நான் கீழ நிக்கும்போதே என் டைலை என் தலைக்கு மேலயே உடைச்சிருக்கான்! போட்டோவுல இருந்த மரத்துக்கு பச்சை பெயிண்ட் அடிச்சிருந்துச்சு, எங்க சீலிங்குக்கு மேல இருக்கிற மரத்துக்கு எந்தக் காலத்துலயும் பெயிண்ட் அடிச்சதே இல்ல. கடைசில முப்பது டைல், டைலைத் தாங்குற மரச்சட்டம் (பேட்டன்) ரெண்டு, அரை நாள் வேலை, சாமான் கூலி எல்லாம் சேத்து 3,800 ராண்ட்ல முடிஞ்சுது. எரியிற வீட்டுல பிடுங்கினது லாபம்னு எங்க ஆயா சொல்லும், அது சரியாப்போச்சு.

ஸ்மால் க்ளெய்ம்ஸ் கோர்ட்டுக்குப் போகலையான்னு கேப்பீங்க. போனேன். 20,000 ராண்ட் வரைக்கும் அங்க கேஸ் போடலாம், வக்கீல் வேண்டாம், வக்கீலை உள்ள விடவும் மாட்டாங்க, நல்ல ஏற்பாடு தான். ஆனா முதல்ல காசைத் திருப்பிக் குடுன்னு டிமாண்ட் லெட்டர் குடுக்கணும், 14 நாள் டைம் குடுக்கணும், அப்புறம் சம்மன், எல்லாத்துக்கும் அவன் அட்ரஸ் வேணும். என்கிட்ட இருந்தது ஒரு செத்துப்போன செல் நம்பர், வண்டி வெள்ளைக் கலர்ங்கிற ஞாபகம். இந்த நாட்டுல வெள்ளைக் கலர் பேக்கி எத்தனைன்னு யோசிச்சுப் பாருங்க. கன்ஸ்யூமர் ப்ரொடெக்‌ஷன் ஆக்ட்லயும் ஒரு நல்ல விதி இருக்கு, வாசலுக்கு வந்து வித்தவன்கிட்ட ஒத்துக்கிட்டத அஞ்சு வேலை நாளைக்குள்ள காரணமே சொல்லாம எழுத்துல கேன்சல் பண்ணலாம். அதுவும் ஆளு இருந்தாத்தானே. அதனால தான் இப்ப நான் எல்லார்கிட்டயும் சொல்றது, விலை பேசுறதுக்கு முன்னாடி அட்ரஸ் வாங்கு, ஐ.டி.யைப் போட்டோ எடு, வண்டி நம்பரை எடு, கம்பெனி ரெஜிஸ்டர் நம்பரை சி.ஐ.பி.சி-ல (கம்பெனிகளைப் பதிவு பண்ற அரசு ஆபீஸ்) தேடிப்பாரு. இதுக்குக் கோவிச்சுக்கிட்டுப் போறவன் போகட்டும்.

இன்னொரு விஷயம், என்.எச்.பி.ஆர்.சி (வீடு கட்டுறவங்களைப் பதிவு பண்ற கவுன்சில்) சர்டிபிகேட்டைக் காட்டி மயக்குவாங்க. அந்த வாரண்டி புதுசா கட்டுற வீட்டுக்கு, அதுலயும் கூரை ஒழுகுறதுக்கு ஒரு வருசம் தான். நம்ம பழைய வீட்டு ரிப்பேருக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல. கார்டு அசலாவே இருந்தாலும் உங்களுக்கு ஒண்ணும் கிடைக்காது.

தகரக் கூரை போடுறவங்க இதைக் கவனமா படிங்க. கோட்டேஷன்ல "ஐ.பி.ஆர் ஷீட் (பட்டை பட்டையா மடிச்ச தகரம்), நல்ல குவாலிட்டி"ன்னு எழுதியிருந்தா அதுக்கு அர்த்தமே இல்ல, திக்னெஸ் எத்தனை மில்லிமீட்டர்னு எழுதி வாங்கணும். 0.5-ன்னு சொல்லி 0.3 போடுறாங்க, கலர் அடிச்ச தகரம் கண்ணுக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியும், மேல ஏறி நடக்கும்போது தான் பள்ளம் விழும். மச்சான் மகன் பாக்கெட்ல ஒரு சின்ன மைக்ரோமீட்டர் வச்சிருக்கான், லாரில இருந்து இறக்கும்போதே ஓரத்துல வச்சு அளந்துருவான். சாமான் காசையும் கான்ட்ராக்டர் கையில குடுக்க விடமாட்டான், ஹார்ட்வேர் கடைல நம்ம பேர்ல பில் போட்டு நம்ம யார்ட்ல இறக்கணும்பான். கூலி பாதி வேலைல கொஞ்சம், மிச்சம் ஹோஸ் பைப்ல தண்ணி அடிச்சுப் பாத்த அப்புறம். அடிக்கிறதும் கீழ இருந்து மெதுவா மேல ஏத்திக்கிட்டே போகணும், ஒருத்தர் டார்ச்சோட சீலிங்குக்கு உள்ள உக்காந்திருக்கணும், எடுத்ததும் உச்சில அடிச்சா எந்த இடத்துல இறங்குதுன்னு தெரியாது.

காசு போனது கூடப் பரவாயில்லன்னு தோணுது, என் தங்கச்சி வீட்டுல நடந்ததை நினைச்சா. டர்பன் சாட்ஸ்வொர்த்ல பழைய கவுன்சில் வீடு, ஆஸ்பெஸ்டாஸ் (கல்நார்) கூரை. ஒருத்தன் வந்து ஹை ப்ரஷர் தண்ணி அடிச்சு பாசியெல்லாம் எடுத்துட்டு பெயிண்ட் அடிச்சுத் தர்றேன், பத்து வருசம் கேரண்டின்னான். அடிச்சான். சாம்பல் கலர் சேறு சுவரெல்லாம் வழிஞ்சு, காயப்போட்ட துணி மேல, கறிவேப்பிலை மரத்து மேல, பேரப்பிள்ளைங்க சைக்கிள் மேலன்னு எல்லாத்துலயும் ஒட்டிக்கிச்சு, அது காஞ்சதும் தங்கச்சி துடைப்பம் எடுத்துப் பெருக்கிடுச்சு. அந்தத் தூசுல இருக்கிற நார் நுரையீரல்ல போய் உக்காந்தா வியாதி வெளிய தெரிய இருபது, முப்பது வருசம் கூட ஆகும். ஆஸ்பெஸ்டாஸை இந்த நாட்டுல 2008-லயே தடை பண்ணிட்டாங்க, கூரையைக் கழட்டணும்னா 2020 ரெகுலேஷன்படி லேபர் டிபார்ட்மெண்ட்ல பதிவு பண்ண ஆஸ்பெஸ்டாஸ் கான்ட்ராக்டர் தான் செய்யணும், அதுக்குன்னு இருக்கிற குப்பைக் கிடங்குல தான் போடணும். இதெல்லாம் இல்லாம பாதி விலைக்கு ஒருத்தன் வர்றான்னா உங்க பழைய கூரை கரும்புக் காட்டு ஓரத்துல கிடக்கும், அவ்வளவு தான். உடையாத ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டைச் சுரண்டாம தேய்க்காம விட்டா அது பாட்டுக்கு இருக்கும், அதைக் கழுவுறேன்னு வர்றவனை கேட்டுக்கு வெளியவே நிறுத்துங்க.

இன்ஷூரன்ஸ் வச்சிருக்கவங்க முதல்ல போட்டோ எடுங்க, அப்புறம் செயில் போட்டு மூடுங்க, செயில் வாங்கின ரசீதை வைங்க, சேதத்தைப் பாக்க இன்ஷூரன்ஸ்காரங்க அனுப்புற அசெஸர் வந்து பாக்கிறதுக்கு முன்னாடி எவனையும் கூரையைப் பிரிக்க விடாதீங்க. "க்ளெய்மை நானே பாத்துக்கிறேன், இங்க கையெழுத்து போடுங்க அங்கிள்"ன்னு வந்தா பேனாவையே எடுக்காதீங்க.

ஐயா, உங்ககிட்ட ஒண்ணு கேக்குறேன். எங்க கோயில் கமிட்டில சொல்லியிருக்கேன், யார் வீட்டுக்கு யார் கூரை வேலை செஞ்சாங்க, ஒரு மழைக்காலம் தாண்டியும் ஒழுகலையான்னு ஒரு நோட்டுல எழுதி வைக்கலாம்னு. இது வரைக்கும் ஏழு வீடு எழுதியிருக்கு, அதுல ரெண்டு வீடு ஒரே ஆள் செஞ்சது, ஒரு வீட்டுல ஒழுகுதாம், இன்னொண்ணுல இல்லையாம், அதையும் அப்படியே எழுதி வச்சிருக்கோம். மத்த ஊர்க் கோயில்கள்லயும் இப்படி ஒரு நோட்டு வைக்க முடியுமான்னு உங்க பேப்பர்ல போடுங்க. எதிர்வீட்டு ஆயா அந்தப் பேக்கிக்காரனை சனிக்கிழமை வரச் சொல்லியிருக்காம். நான் சனிக்கிழமை காலைலயே நாற்காலி போட்டு அவங்க வாசல்ல உக்காந்துக்கப் போறேன், மச்சான் மகன் ஏணியோட வர்றான்.

இப்படிக்கு,
டோங்காட் வாசகர்