காயக்கில் பாய் கட்டுமுன்

அன்புள்ள மாப்ளே,

கடிதம் வந்தது. பாப்பாவுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்ததில் இங்கே எல்லோருக்கும் சந்தோசம்.

உன் காயக்கில், அதாவது துடுப்புப் போடும் அந்தச் சிறு படகில், கட்ட மூன்று சதுர மீட்டரில் பாய் தைக்கப்போவதாக எழுதியிருக்கிறாய். பாதியாக்கிவிடு. ஒன்றரை சதுர மீட்டர் பாயையே மணிக்கு 20 கி.மீ. காற்று மூன்றரைக் கிலோ பாரத்துக்குத் தள்ளும். காற்று இரட்டித்தால் தள்ளுவது நான்கு மடங்கு, அதாவது பதினாலு கிலோ. அதுவும் தண்ணீருக்கு மேல் நாலடி உயரத்தில். படகு சாயாமலிருக்கப் பக்கத்தில் மூன்றடி தள்ளிக் கட்டுகிற மிதவை அதைச் சமாளிக்கப் பத்தொன்பது கிலோவாவது தாங்க வேண்டும். நீ சொன்ன நாலங்குல பிவிசி பைப், ஐந்தடி நீளத்தில் இருபுறமும் மூடி ஒட்டினாலும், தன் எடை போகப் பத்துக் கிலோதான் தாங்கும். ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று எப்படி அடிக்கும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆழியாறு மாதிரி மலையடி அணையில் அது சீராகவும் வராது. முதல் ஓட்டத்தைக் காலை இளங்காற்றில் வைத்துக்கொள். நீர்வளத் துறையிடம் எழுத்தில் அனுமதி வாங்கிவிடு.

பாய்மரத்துக்கு 38 மி.மீ. அலுமினியக் குழாய் போதும். அதைத் தளத்து ஓட்டையில் செருகி நிறுத்திவிடாதே, ஓட்டை வாய் கிழிந்துவிடும். மேலே ஒரு வளையம், ஓரடி கீழே குழாயின் அடி உட்கார ஒரு கிண்ணம், இரண்டும் சேர்ந்து பிடிக்க வேண்டும். உன் படகு பாலிஎதிலீன். எம்-சீல் பசை அதில் ஒட்டாது, உரிந்து வரும். ரிவெட்டும் பிய்ந்துகொள்ளும். உள்ளே தகடு கொடுத்து 6 மி.மீ. எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) போல்ட் போடு.

பாய் மட்டும் இருந்தால் படகு பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டே போகும். மூன்றடி நீளம், பத்தங்குல அகலத்தில் மரைன் பிளைவுட் பலகையைப் பக்கத்தில் இறக்க வேண்டும். எங்கே என்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். பலகையைத் தற்காலிகமாகக் கட்டி, இடுப்பளவுத் தண்ணீரில் நின்று, படகின் விளிம்பை ஒரு விரலால் தள்ளிப் பார். மூக்கோ வாலோ முந்தாமல் படகு மொத்தமாக நகர்கிற புள்ளி ஒன்று இருக்கும். பாயின் நடுப்புள்ளி அதற்குச் சற்றே பின்னால் வரும்படி பலகையை நகர்த்து. அப்போதுதான் துடுப்பை விட்டாலும் மூக்கு காற்றை நோக்கித் திரும்பி, பாய் படபடத்துப் படகு நிற்கும். முன்னால் வந்தால் காற்றோடு ஓடும். திருப்பிக் கொண்டுவருவது பெரும்பாடு.

பாயை இழுத்துப் பிடிக்கும் கயிற்றை எதிலும் முடிச்சுப் போடாதே. கையிலேயே இருக்கட்டும். காற்று திடீரென வீசியதும் விட்டுவிட வேண்டும். லைஃப் ஜாக்கெட் இல்லாமல் இறங்கவே கூடாது.

கிண்ணத்தை இங்கே லேத்துப் பட்டறையில் கடைந்து அனுப்புகிறேன். குழாயின் வெளிவிட்டத்தை வெர்னியர் அளவுகோலில் அளந்து எழுது. ஒரு மி.மீ. தளர்வு விட்டால்தான் மணல் சிக்கினாலும் கழற்ற வரும்.

அன்புடன்,
உன் மாப்ளே