கற்சிலைமடுவில் கல்லறை வேண்டாம், நடுகல் வையுங்கள்

பிரதேச சபைத் தவிசாளருக்கும் உறுப்பினர்களுக்கும்,

கற்சிலைமடு நினைவுக்கல்லைத் திருத்தி, பக்கத்திலேயே வெள்ளைக்காரனை எதிர்த்து நின்ற வன்னி மன்னன் பண்டார வன்னியனுக்கு மாபிளில் ஒரு கல்லறையும் கட்டப்போவதாகப் பேச்சு அடிபடுகிறது. அத்திவாரம் வெட்டுமுன் இதை வாசியுங்கள்.

அந்தக் கல்லை நட்டது நாமல்ல, வெள்ளைக்காரன். கப்டன் வொன் டிறிபேர்க் 1803 ஒக்டோபர் 31இல் வன்னியனைத் தோற்கடித்தான் என்று ஆங்கிலத்தில் பொறித்து வைத்தான். அதே ஆண்டு ஓகஸ்ட் 25இல் முல்லைத்தீவுக் கோட்டையை வன்னியனிடம் பறிகொடுத்து ஓடியவனும் இதே டிறிபேர்க்தான். அதைப்பற்றிக் கல்லில் மூச்சே இல்லை. தான்தோன்றீஸ்வரர் கோயில் திருவிழாவுக்குப் போகிற வழியில் அப்பா சைக்கிளை நிறுத்தி, எழுத்துகளை விரலால் தடவித் தடவி வாசித்துக் காட்டுவார். நான் பாடமாக்கிய முதல் ஆங்கில வசனம் எங்கள் தோல்விதான்.

உள்நாட்டுப் போர் முடிந்தபின் கல்லை உடைத்துவிட்டார்கள். துண்டுகளைச் சீமெந்து குழைத்து ஒட்டிவிடாதீர்கள். சீமெந்து ஈரத்தை வெளியே விடாது. உப்பு உள்ளே தங்கிக் கல்லின் முகத்தை உரித்துவிடும். இரும்புக் கம்பி அதைவிட மோசம். நான் கட்டிய கிணற்றுக்கட்டிலேயே கம்பி துருவேறிப் பருத்து, சில மாரிக்குள் கட்டைப் பிளந்தது. துருப்பிடிக்காத உருக்கு ஊசியால் பொருத்தி, இடைவெளியைச் சுண்ணாம்புச் சாந்தால் நிரப்புங்கள். வெடிப்பு தெரியட்டும், உடைத்ததும் வரலாறுதானே. பெயின்ற் மட்டும் கூடவே கூடாது.

இனிக் கல்லறை. அந்தக் கல்லே 'இவ்விடத்திற்கு அண்மையில்' என்றுதான் சொல்கிறது. வென்றவனே சண்டை நடந்த இடத்தை விரலால் சுட்டிக்காட்டவில்லை; வன்னியன் உடல் இங்கேதான் கிடக்கிறது என்று நாம் எந்தத் துணிவில் சொல்வது? கல்லறைக்கும் நடுகல்லுக்கும் உள்ள வேறுபாட்டை வன்னியில் போரில் பிள்ளையை இழந்த எந்தத் தாயிடமும் கேளுங்கள். உடல் வந்தால் கல்லறை, வராவிட்டால் நடுகல். கல்லைத் தேடிக் காண்பதில் தொடங்கி, நீராட்டி, நட்டு, வாழ்த்துவதுவரை தொல்காப்பியம் இதற்கு முறையே வகுத்திருக்கிறது.

ஆகவே ஒற்றைக் கருங்கல், ஆள் உயரத்தில். பழைய கல்லை மறைக்காமல் அதற்கு எதிரே நிற்கட்டும். பெயரையும் ஓகஸ்ட் 25, ஒக்டோபர் 31 இரண்டு திகதிகளையும் தமிழில் ஆழமாக வெட்டுங்கள். சிலை வேண்டுமென்பவர்கள் வவுனியாவுக்குப் போய்ப் பார்க்கட்டும்.

துண்டுகளைப் பொறுக்கும் நாளை மட்டும் அறிவியுங்கள். சாக்கோடு வருகிறேன்.

இப்படிக்கு,
ஒட்டுசுட்டான் மேசன் ஒருவன்